முதல் தடவை தொட்ட நாள்

கொள்ளுப்பிட்டிச் சந்தியிலிருந்து காலிமுகத்திடல் பக்கமாக நடந்தால், இந்த நாடு மீண்டுவிட்டது என்று யாரும் சத்தியம் பண்ணிச் சொல்லலாம். பெற்றோல் கியூ இல்லை. வெறும் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் அடுக்கிவைத்த காட்சி இல்லை. 2022 மே 9ஆம் திகதி அலரி மாளிகைக்கு முன்னால் அடித்து நொறுக்கப்பட்ட கூடாரங்கள் நின்ற இடத்தில் இப்போது வாகனங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. உள்ளே டூப்ளிகேஷன் ரோட்டுப் பக்கம் போனால் கசினோ விளக்குகள் எரிகின்றன. 2024இல் பொருளாதாரம் 5 வீதம் வளர்ந்தது. அந்த ஆண்டு முடிவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 6 பில்லியன் டொலரைத் தாண்டியது. ஆகவே மீண்டுவிட்டோமாம். தொலைக்காட்சியில் சொல்றாங்க, கருத்தரங்கில் சொல்றாங்க, வீட்டில் பெரியப்பாமாரும் சொல்றாங்க: "அது முடிஞ்ச கதை. இன்னும் ஏன் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க?"

இந்த எண்கள் பொய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கட சண்டை எண்களோடு இல்லை, அந்த எண்களைக் கொண்டுவந்த கேள்வியோடு. "இப்ப எங்க நிக்கிறம்?" என்று மட்டும் கேட்டால் கிடைக்கிற பதில் பாதிதான். சில வேளை பாதிகூட இல்லை. இதை ஆத்திரத்தில் சொல்லவில்லை, நிகழ்தகவுக் கோட்பாட்டில் நிறுவப்பட்ட ஒரு விடயத்தை வைத்துச் சொல்கிறோம்.

உடனே ஒரு குரல் வரும், எங்களுக்குத் தெரியும். "ஆர்ட்ஸ் பெகல்ட்டிப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு எதுக்கு?" உண்மைதான், எங்களில் பெரும்பாலானோர் ஓ.எல் கணிதத்தோடு கணக்குக் கொப்பியை மூடினவர்கள். ஆனால் யாருக்கு உதவி, யாருக்கு இல்லை, எந்த மானியத்தை எப்போது வெட்டுவது என்று முடிவெடுக்கிற மேசைகளில் எல்லாம் பேசப்படுகிற மொழி கணக்கு. அந்த மொழி எங்களுக்கு வேண்டாம் என்றால் யாருக்கு வசதி? விஞ்ஞான பீடத்து நண்பர் ஒருவரைப் பிடித்து உட்காரவைத்து, வெள்ளவத்தையில் நாலு பின்னேரம் இதைப் படித்தோம். படித்த பிறகு "மீண்டுட்டோம்" என்ற சொல்லைக் கேட்கப் பொறுக்கவில்லை.

விடயம் இதுதான். எழுமாறாக ஏறி இறங்குகிற எதையாவது எடுங்கள்: ஒரு குடும்பத்தின் கைக்காசு, ஒரு குளத்தின் நீர்மட்டம், ஒரு நாட்டின் டொலர் கையிருப்பு. ஒரு கோடு கீறுங்கள். அது அந்தக் கோட்டை முதன்முதலாகத் தொட எவ்வளவு காலம் எடுக்கும்? இதை முதற்கடப்பு நேரம் என்கிறார்கள். தொட்ட பிறகு அது திரும்ப மேலே வந்ததா, இன்னும் கீழே போனதா என்பது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. முதல் தொடுகை மட்டும்தான் கணக்கு.

கேள்வி பழையது. 1657இல் ஹைகன்ஸ் எழுதிய சூதாட்டக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பயிற்சியே இதுதான்: ஆளுக்கு 12 காய்களோடு தொடங்கும் இரண்டு பேரில் யார் முதலில் வெறுங்கையாவார்? 1903இல் லுண்ட்பேர்க் என்ற சுவீடன்காரர் ஒரு காப்புறுதிக் கம்பனி எப்போது முறியும் என்ற கேள்வியாக இதை மாற்றினார். 1915இல் ஷ்ரோடிங்கர் மிதக்கும் துகள்களுக்கு இதன் சூத்திரத்தை எழுதினார். சென்னைப் பிரசிடென்சி கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகரைப் பற்றி எங்கட வீடுகளில் "நோபல் பரிசு எடுத்த தமிழர்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. 1943இல் அவர் கேட்ட ஒரு கேள்வி இதே இனம்தான். நட்சத்திரக் கூட்டம் ஒன்றுக்குள் ஒரு நட்சத்திரத்தின் வேகம் அயல் நட்சத்திரங்களின் இழுவையால் கூடிக் குறைந்து அலைகிறது. கூட்டத்தை விட்டுத் தப்பும் அளவு வேகத்தை அது முதன்முதலாக எப்போது எட்டும்? எட்டினால் போய்விடும். பிறகு அதன் வேகம் குறைந்தாலும் கூட்டத்துக்குத் திரும்பாது.

திரும்பாது என்ற இந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கணக்குச் செய்வம். கொப்பியும் பேனையும் போதும். ஒருவரிடம் 300 ரூபா இருக்கிறது. ஒவ்வொரு நாளும் நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் 100 ரூபா கூடும், பூ விழுந்தால் 100 ரூபா குறையும். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் கடன் வாங்கி ஆட்டத்தைத் தொடரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாள் கழித்துப் பார்க்கிறோம். ஆறு சுண்டலில் 64 வழிகள், எல்லாம் சம வாய்ப்பு. ஆறாம் நாள் முடிவில் கடனில் நிற்கிற வழிகள் எத்தனை? எண்ணிப் பாருங்கள்: 7. சரி, ஆறு நாளுக்குள் ஏதாவது ஒரு நாளாவது கை வெறுமையான வழிகள் எத்தனை? 14.

சரியாக இரண்டு மடங்கு. மிச்ச 7 வழிகள் எங்கே போயின? ஆறில் கடைசி நாளன்று கையில் 100 ரூபா இருக்கிறது. ஒன்றில், மூன்று நாள் தொடர்ந்து இறங்கிப் பிறகு மூன்று நாள் தொடர்ந்து ஏறிய வழியில், அதே 300 ரூபா அப்படியே இருக்கிறது. கடைசி நாள் மட்டும் வந்து எட்டிப் பார்க்கிற அதிகாரி என்ன எழுதுவார்? "மாற்றம் இல்லை." மூன்றாம் நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பது அவருடைய படிவத்தில் இல்லை.

இது தற்செயலாக வந்த இரட்டிப்பு இல்லை. ஏன் என்பதும் இலேசு. கை முதன்முதலாக வெறுமையான அந்தக் கணத்தில் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வாய்ப்பு. பூச்சியக் கோட்டைக் கண்ணாடியாக நினைத்தால், கீழே போய் முடிகிற ஒவ்வொரு வழிக்கும் மேலே போய் முடிகிற ஒரு இரட்டைப் பிள்ளை உண்டு. ஆகவே தொட்டவர்களில் பாதிப்பேர் கீழே முடிவார்கள், பாதிப்பேர் மேலே முடிவார்கள். இறுதிக் கணக்குக் கீழே முடிந்தவர்களை மட்டும் காணும். படியில்லாமல் தொடர்ச்சியாக அலையும் நடைக்கும் இது சரியாக இரண்டு மடங்குதான். கணிதக்காரர் இதைப் பிரதிபலிப்புத் தத்துவம் என்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். நாணயம் நேர்மையாக இல்லாமல், ஏறுகிற பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்? அதாவது பொருளாதாரம் "வளர்ந்துகொண்டு" இருந்தால்? கோட்டைத் தொட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கடைசி நாளுக்குள் மேலே வந்துவிடுவார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் இறுதிக் கணக்கில் தெரியாமல் போகிறவர்களும் அதே அளவுக்குக் கூடுகிறார்கள். தொட்டவர்கள் மொத்தமாகக் குறையலாம், மறுக்கவில்லை. தொட்டவர்களில் கண்ணுக்குத் தெரிகிறவர்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் குறைகிறது. ஆக, மீட்சி என்று கொண்டாடுகிற காலத்தில்தான் ஆண்டிறுதி எண் கூடுதலாக மறைக்கிறது. இதைக் கண்ட பின்னேரம் நாங்கள் கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தோம்.

தொட்டுவிட்டு மேலே வந்தால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு: கொட்டாஞ்சேனையில் ஒரு ஓட்டோ ஓட்டுகிறவரை நினையுங்கள். பெற்றோலுக்குக் கியூவில் இரண்டு நாள் கிடந்து, ஓட்டமில்லாமல், லீசிங் தவணை தப்புகிறது. ஓட்டோவைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு பெற்றோல் தாராளமாக வந்தது. அவருக்கு என்ன? ஏற்றம் வந்தபோது ஏறுவதற்கு அவரிடம் வண்டி இல்லை. அடைவு வைத்த நகை மீட்கத் தவறி ஏலத்தில் போனால், பிறகு வருமானம் வந்தாலும் அந்த நகை வராது. 2022க்குப் பிறகு பவுன் ஏறிய ஏற்றத்துக்கு அதே நகையைத் திரும்பச் செய்யவும் முடியாது. பதினேழு வயதில் ஏ.எல் வகுப்பை விட்டுப் புறக்கோட்டைக் கடை ஒன்றுக்குச் சம்பளத்துக்குப் போன பிள்ளைக்கு, இரண்டு வருடம் கழித்து டியூஷன் காசு கிடைத்தால் என்ன செய்வது? எங்கள் கணக்கில் அந்த மனிதர் கடன் வாங்கி ஆட்டத்தைத் தொடர்ந்தார். உண்மையில் பலருக்குத் தொட்ட இடத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. சந்திரசேகரின் நட்சத்திரம் மாதிரி.

நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2019 முடிவில் கையிருப்பு 7.6 பில்லியன் டொலர். 2021 முடிவில் 3.1 பில்லியன், அதிலும் ஏறக்குறையப் பாதி இஷ்டப்படி செலவழிக்க முடியாத சீன நாணயப் பரிமாற்றுக் கடன். 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் பிணைமுறிக் கடனைக் கட்டிவிட்டு மார்தட்டினார்கள். அப்போது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வாதம் உங்களுக்கும் நினைவிருக்கும்: இலங்கை சுதந்திரத்துக்குப் பிறகு ஒருநாளும் கடன் தவறியதில்லை. ஏப்ரல் 12ஆம் திகதி நிதியமைச்சு வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. மே 4ஆம் திகதி நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் நின்று, கையில் எடுத்துச் செலவழிக்கக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்றார்.

"ஒருநாளும் தவறியதில்லை" என்பது முதற்கடப்பைப் பற்றித் தெரியாதவர்கள் சொல்லும் வாதம். எழுமாற்று நடை தன் முதல் தொடுகைக்கு முந்திய நாள்வரை ஒருநாளும் தொட்டதில்லைதான். அது எல்லா நடைக்கும் பொருந்தும். தொடப்போகிற நடையையும் தொடாத நடையையும் அது பிரித்துக் காட்டாது. கையிருப்பு எந்த வேகத்தில் இறங்குகிறது, கோடு எவ்வளவு கிட்ட இருக்கிறது, ஒரு அதிர்ச்சி வந்தால் எவ்வளவு ஆடும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைக் கேட்காமல் விட்டதுக்குப் பொறுப்பு யார் என்று உயர்நீதிமன்றமே 2023 நவம்பர் 14ஆம் திகதி பெயர் குறித்துச் சொல்லிவிட்டது. அதை நாங்கள் இங்கே இன்னும் நீட்டவில்லை.

இன்னொரு கூட்டத்துக்கும் இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது. "நான் ஒண்டுமில்லாமல்தான் தொடங்கினேன், விடாமல் உழைச்சேன், இண்டைக்கு இப்பிடி நிக்கிறேன்" என்று மேடையேறிப் பேசுகிறவர்கள். யூடியூப் திறந்தால் இவர்கள்தான். 100 ரூபாவோடு தொடங்குகிற ஒருவரை எடுங்கள். அதே நேர்மையான நாணயம், நாளுக்கு ஒரு சுண்டல். பாதிப்பேர் முதல் நாளே வெறுங்கை. 100 நாள் கழித்து ஒரு தடவையும் வெறுங்கையாகாதவர்கள் நூற்றுக்கு 8 பேர். 10,000 நாள், அதாவது 27 வருடம் கழித்தும் ஆயிரத்துக்கு 8 பேர் தொடாமலே நிற்பார்கள். இவர்கள் ஒன்றும் கெட்டித்தனம் காட்டவில்லை, சுண்டப்பட்டது வெறும் நாணயம். ஆனால் அந்த எட்டுப்பேரை மேடையில் ஏற்றினால் எட்டு விதமான வெற்றிக் கதை சொல்வார்கள். எவரும் என்றோ ஒருநாள் தொடுவது நிச்சயம் என்றும் கணக்குச் சொல்கிறது. ஆனால் தொட எடுக்கும் காலத்தின் சராசரி முடிவிலி. ஆம், முடிவிலி. பாதிப்பேர் ஒரே நாளில் விழுகிற ஆட்டத்தில் சராசரி ஆயுள் முடிவிலி என்று ஒரு அறிக்கை எழுதலாம், அதில் ஒரு பொய்யும் இருக்காது. அந்த எண்ணை அவ்வளவு உயரத்துக்கு இழுத்துப் போவது மிக நீண்ட காலம் தப்பி நிற்கிற மிகச் சிலர். இனிமேல் யாராவது உங்களிடம் சராசரி ஒன்றை நீட்டினால், அதற்குள் எத்தனை பேர் முதல் நாளே விழுந்தவர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது சம வாய்ப்பு. இது எங்கட வயதுக்காரர் அதிகம் கேட்கிற சொல். "எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், மூன்று தரம் எழுதலாம், பிறகென்ன?"

இரண்டு பேர் நேர்மையான நாணயத்தோடு ஆடுகிறார்கள். ஒரு சுண்டலுக்கு 100 ரூபா. ஒருவரிடம் 1,000 ரூபா, மற்றவரிடம் 99,000. யாராவது ஒருவர் வெறுங்கையாகும்வரை ஆட்டம். சின்னப் பை முதலில் காலியாகும் நிகழ்தகவு 99 வீதம். ஆட்டத்தில் எந்தக் களவும் இல்லை, ஒவ்வொரு சுண்டலிலும் இருவருக்கும் சரி பாதி. இழப்பைத் தாங்குகிற ஆழம் மட்டும் வேறு. ஏ.எல் மூன்று தரம் எழுதலாம் என்ற விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் முதல் தரம் சரிவராவிட்டால் இன்னொரு வருடம் வீட்டில் இருந்து படிக்க வைக்கிற பை எல்லார் வீட்டிலும் இல்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தது. ஜெனரேட்டர் உள்ள வெள்ளவத்தை மாடி வீட்டுப் பிள்ளையும் மெழுகுதிரி வாங்கவே யோசித்த வீட்டுப் பிள்ளையும் அதற்குப் பிறகு எழுதினது ஒரே வினாத்தாள். ஆட்டம் நேர்மையாக இருந்தால் முடிவும் நேர்மை என்பவர்கள் இந்த 99 வீதத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

ஆட்டம் கொஞ்சமே கொஞ்சம் சாய்ந்திருந்தால் கதை இன்னும் மோசம். கசினோவில் ஒற்றைப் பூச்சியம் உள்ள ரூலெட்டில் சிவப்பில் கட்டினால் வெல்லும் வாய்ப்பு 37இல் 18. பாதிக்கு மயிரிழைதான் குறைவு. 10,000 ரூபாவோடு போய் அதை இரட்டிப்பாக்க நினைக்கிறவர் முழுவதையும் ஒரே தரத்தில் கட்டினால் வாய்ப்பு 48.6 வீதம். கவனமாக, பொறுமையாக, 100 ரூபா 100 ரூபாவாகக் கட்டினால்? 200இல் ஒன்றுக்கும் குறைவு. (ஒரே தரத்தில் கட்டுங்கள் என்று சொல்லவில்லை. போகவே வேண்டாம்.) ஹைகன்ஸின் கணக்கிலும் இதுதான்: ஒரு சுற்றில் ஒன்பதுக்கு ஐந்து என்ற வித்தியாசம், ஒருவர் வெறுங்கையாகும்வரை ஆடினால் 1,156க்கு ஒன்றாகிவிடுகிறது. மாதம் மாதம் கொஞ்சம் துண்டுவிழுகிற குடும்பம் சிக்கனமாக இருந்தால் தப்பலாம் என்று புத்தி சொல்கிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்கவேண்டும். சாய்ந்த ஆட்டத்தில் பொறுமை காப்பாற்றாது. பையின் ஆழமோ ஆட்டத்தின் சாய்வோ மாறினால்தான் ஏதாவது மாறும்.

இதெல்லாம் அதிகாரத்தில் உள்ளவர்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தங்கட காசு என்று வரும்போது தெரியும். கம்பனி ஒன்று கடன் தவறுவதை அளக்க 1974இல் மேர்ட்டன் எழுதிய மாதிரி, தவணை முடிகிற நாளன்று மட்டும் கம்பனியின் பெறுமதியைப் பார்த்தது. இரண்டே வருடத்தில், 1976இல், பிளாக்கும் கொக்ஸும் வந்து அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை என்றார்கள். பெறுமதி ஒரு கோட்டை முதன்முதலாகத் தொட்ட அந்த நிமிடமே கடன் கொடுத்தவர் கைவைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால், அதை எப்படிக் கணக்கிடுவது என்று காட்டினார்கள். முதற்கடப்பு நேரத்தை நிதி உலகம் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. எங்கட ஊரில் லீசிங் பத்திரத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதும் இதே தர்க்கம்தான்: தவணை தவறினால் வண்டி எங்களுடையது. ஆண்டு முடியட்டும், சராசரி எப்படி வருகிறது பார்ப்போம் என்று எந்தக் கடன்காரரும் சொல்வதில்லை. கடன் கொடுத்தவருக்கு முதல் தொடுகையில் பாதுகாப்பு. கடன்பட்டவரின் துன்பத்தை அளக்க மட்டும் ஆண்டிறுதிச் சராசரி. இந்த ஓரவஞ்சனையைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

அஸ்வெசுமவைப் பாருங்கள். 2023இல் தொடங்கிய இந்த நலன்புரித் திட்டத்தில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்துக்குப் புள்ளி போட்டார்கள். வீடு எப்படி, மின்சாரம் எவ்வளவு, என்ன பொருள் இருக்கிறது, யார் படிக்கிறார்கள். முதல் பட்டியல் வந்ததும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன. அதற்குப் பல காரணம் சொல்லலாம். எங்கட பார்வையில் அடிப்படைக் காரணம், கணக்கெடுக்க வந்த நாளில் வீடு எப்படி இருந்தது என்று மட்டும் அந்தப் படிவம் பார்த்தது. விற்காமல் மிஞ்சிய பிரிட்ஜ் தெரியும். அதற்கு முன் விற்றது தெரியாது. உலக வங்கியின் கணக்கில் இலங்கையின் வறுமை வீதம் 2021இல் 13.1. 2022இல் 25. 2023இல் 25.9. பயங்கரமான எண்கள். ஆனால் இவைகூட இறுதிக் கணக்கு வகைதான். அந்தந்த ஆண்டில் கோட்டுக்குக் கீழே நின்றவர்களைச் சொல்கின்றன, இந்த மூன்று வருடத்தில் ஒரு தடவையாவது கோட்டைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று சொல்வதில்லை. வறுமை வீதம் நாளைக்கு இறங்கினாலும், இறங்கட்டும், அந்த இரண்டாவது எண் இறங்காது. ஒருமுறை தொட்டவர் தொட்டவர்தான்.

"மனிசர் நாணயம் இல்லை" என்று ஒரு மறுப்பு வரும். எங்கட வகுப்பிலேயே வந்தது. சரிதான், மனிசர் திட்டமிடுவார்கள், சீட்டுப் பிடிப்பார்கள், வெளிநாட்டில் இருக்கிற தம்பியிடம் கேட்பார்கள். வீழ்ச்சிகளும் தனித்தனியாக வராது, 2022இல் எல்லார் நாணயமும் ஒரே நேரத்தில் பூ விழுந்தது. சீட்டுக்காரரும் கை விரித்தார். ஆகவே சரியாக இரண்டு மடங்கு என்ற எண் கொட்டாஞ்சேனைக்கு அப்படியே பொருந்தாது. ஒன்றரை மடங்காகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். எவ்வளவு என்று அளக்கச் சொல்லித்தான் கேட்கிறோம். ஆனால் கடைசி நாளில் கீழே நிற்கிறவர்களைவிட, இடையில் தொட்டவர்கள் ஒருபோதும் குறைவாக இருக்க முடியாது. இதற்கு நாணயம் தேவையில்லை. கீழே போய் முடிய வேண்டும் என்றால் கோட்டைத் தாண்டித்தானே போகவேண்டும்?

அளப்பது கஷ்டம் என்றும் சொல்ல முடியாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு பயன்படுத்துகிற எட்டுக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. காசோ வசதியோ இல்லாததால் ஒரு நேரச் சாப்பாட்டை விடவேண்டி வந்த சந்தர்ப்பம் கடந்த 12 மாதத்தில் இருந்ததா, ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்த சந்தர்ப்பம் இருந்ததா என்ற மாதிரி அது கேட்கிறது. "இருந்ததா" என்ற அந்தச் சொல்தான் முதற்கடப்புக் கேள்வி. அதையே கல்விக்கும் நகைக்கும் வண்டிக்கும் மருந்துக்கும் கேட்கலாம். 2022 ஜனவரிக்குப் பிறகு உங்கள் வீட்டில் யாராவது படிப்பை நிறுத்த வேண்டி வந்ததா? அடைவு வைத்த நகை ஏலத்தில் போனதா? லீசிங் வண்டி பறிபோனதா? மின்சாரம் துண்டிக்கப்பட்டதா? முதன்முதலாக எந்த மாதம்? ஐந்து கேள்வி, ஐந்து நிமிடம். அஸ்வெசும மேன்முறையீட்டுப் படிவத்தில் அரைப் பக்கம் போதும்.

அரசாங்கம் கேட்கும்வரை நாங்கள் சும்மா இருக்கப்போவதில்லை. மீட்கப்படாத அடைவு நகைகளின் ஏல அறிவித்தல்களை வங்கிகள் பத்திரிகையில் போடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பக்கம் முழுக்க அடைவுச் சீட்டு இலக்கங்கள், கிளைப் பெயர், திகதி. யாரும் வாசிக்காத பக்கம். ஒவ்வொரு இலக்கமும் ஒரு வீடு கோட்டைத் தொட்ட நாளுக்குக் கிட்டத்தட்டச் சாட்சி, பெயர் இல்லாத சாட்சி. 2021 ஜனவரி தொடங்கி 2024 டிசம்பர்வரை கொழும்புக் கிளைகளின் இலக்கங்களை மாத வாரியாக எண்ணப்போகிறோம். பழைய பத்திரிகைக் கட்டுகள் வீட்டில் வைத்திருப்பவர்கள் கடைக்காரருக்கு நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ, சொன்னால் வந்து எடுத்துக்கொள்கிறோம். சிங்களப் பத்திரிகையும் வேணும், வாசித்துச் சொல்ல ஆள் இருக்கு.